மருதாசலத்தின் வலது கால்

பெயர்: மா. மருதாசலம். பிறந்த நாள்: 1953 ஜூன் 11. தொழில்: கார் ஓட்டுநர். உரிமம் பெற்ற ஆண்டு: 1975. இப்போதைய வேலையில் சேர்ந்தது: 1979 ஆகஸ்ட். விபத்து: இல்லை. 1997 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு இவர் பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, கைவிடப்பட்ட கல்குழி ஒன்றில் இயங்கும் துப்பாக்கிக் கழகத்தின் மேசை முன்னால் நின்றுகொண்டு, காலியாக இருக்கிறது என்று முதலாளியின் மகள், கழகத்துப் பதிவேட்டுக்காரர் என இரண்டு பேர் பார்த்துச் சொன்ன ரிவால்வரின் உருளையை மூன்றாம் முறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலிதானுங்க மருதண்ணா. நானும் பாத்துட்டேன், கையூம் பாயும் பாத்துட்டாரு" என்றாள் பிரத்யுஷா.

"பாத்தீங்க பாப்பா, இல்லைங்கல. பஞ்சர்க் கடைக்காரனுந்தான் காத்து சரியா இருக்குதும்பான். நாம டயரை ஒரு தட்டுத் தட்டிப் பாத்துட்டுத்தானுங்களே வண்டியெடுக்கறோம்?"

ஆறு துளைகளையும் சுண்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகே உருளையை மூடினார். கழகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படுவது இந்த ஒன்றுதான். மருதாசலத்துக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எதையும் நம்பாமலிருப்பது அவர் உடம்போடு பிறந்த குணம்.

ஆள் ஐந்தடி நான்கு அங்குலம். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். வண்டியை எங்கே நிறுத்தினாலும் மூக்கு வாசலைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார், கோயிலானாலும் கல்யாண மண்டபமானாலும். யாராவது ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. கண் முதலில் இடப்பக்கம் சற்று மேலே, காருக்குள் கண்ணாடி தொங்குகிற உயரத்துக்கு, ஒரு முறை போய் வரும். பின்னால் எதுவும் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் வாய் திறப்பார். வீட்டில் சோறு போடட்டுமா என்று கேட்டாலும் இதே கதைதான்.

இவருடைய முதலாளி லட்சுமணசாமிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு நூற்பாலை, வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டம். செவ்வாய்க்கிழமை மலையேறி வெள்ளிக்கிழமை இறங்குவது பதினேழு வருட வழக்கம். 1996 நவம்பரில், அதே மலைப்பாதையில் வேறொரு தோட்டக்காரரின் காரைக் கல் வைத்து மறித்துக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு லட்சுமணசாமியின் மனைவி ராமாமணி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க ஆரம்பித்தார். லட்சுமணசாமியிடம் அவர் தகப்பனார் காலத்திலிருந்து உரிமத்தோடு வருகிற .32 ரிவால்வர் ஒன்று உண்டு. ஆனால் அவருக்கு அறுபத்தெட்டு வயது. வலது கை நடுங்குகிறது. காப்பி டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிப்பார். உரிமத்தில் தனக்காகத் துப்பாக்கியை எடுத்து வருபவர் என்று இன்னொருவர் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த இன்னொருவர் யார் என்பதுதான் கேள்வி.

காவலாள் அனுப்பும் நிறுவனம் ஒன்று பொங்கியண்ணன் என்பவரைச் சிபாரிசு செய்தது. வயது முப்பத்தாறு, ராணுவத்தில் பதினைந்து வருடம், வண்டியும் ஓட்டுவார். மருதாசலத்தை அழைத்து லட்சுமணசாமி ஒளிக்காமல் சொன்னார்:

"உன்னை அனுப்பறதுல எனக்கென்னப்பா சந்தோசம்? ஆனா அந்தாளுக்கு ரெண்டும் தெரியுது. நீ கத்துக்கறதுன்னா கத்துக்க. மார்ச்சு மாசம் மொத ஞாயித்துக்கிழமை பாக்கலாம். பதினெட்டுச் சுட்டா பன்னெண்டு கருப்புல உழுகோணும். மூணுக்கு ரெண்டு அடிக்காதவன் கையில துப்பாக்கி இருந்தா, திருடனை உட்டுட்டு நான் உன்னப் பாத்துத்தான் பயப்படோணும்."

மருதாசலத்தின் கண் இடப்பக்கம் மேலே போய் வந்தது. "கத்துக்கறேனுங்கய்யா" என்றார்.

ஆலைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுநர் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். மகள் பொற்கொடி அந்த மார்ச்சில்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுத இருந்தாள்.

கற்றுக்கொடுக்க முன்வந்தவள் முதலாளியின் மகள் பிரத்யுஷா. இருபத்திரண்டு வயது. கல்லூரி அணிக்காகக் காற்றுத் துப்பாக்கியில் இரண்டு முறை மாநிலப் போட்டிக்குப் போனவள். உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஞாயிறுதோறும் லட்சுமணசாமியும் வந்து, மர நிழலில் காருக்குள் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். ஒரு பக்கத்தை அவர் திருப்பியதாக யாரும் பார்த்ததில்லை.

முதல் மூன்று வாரம் காற்றுத் துப்பாக்கி. நிற்கும் விதம், பிடிக்கும் விதம், மூச்சை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் மருதாசலம் ஒரு தரத்தில் வாங்கிக்கொண்டார். தகராறு கண்ணில் வந்தது.

"அண்ணா, தாளைப் பாக்காதீங்க. குழல் நுனியில இந்தச் சின்ன முள் இருக்குதில்லைங்க, அதை மட்டும் பாருங்க. அது கூர்மையாத் தெரியோணும். தாள் மங்கலா இருந்தாப் போதும்."

"மங்கலாத் தெரிஞ்சா வண்டிய ஓரங்கட்டிப் போடோணுங்க பாப்பா."

"இது வண்டியில்லைங்கண்ணா."

"தெரியுதுங்க. ஆனா பானட்டப் பாத்து ஓட்டறவன் பள்ளத்துலதானுங்க போவான். இருவத்திரண்டு வருசமா தூரத்தையே பாத்த கண்ணு. பக்கத்துல பாருடான்னா எங்கீங்க கேக்குது?"

கேட்க வைத்தார். ஆலையில் சும்மா காத்திருக்கும் நேரங்களில் காரின் முன்னால் நின்று, நீட்டிய கட்டைவிரலின் நகத்தைப் பார்ப்பதும், அதற்கு அப்பால் இருக்கும் புகைபோக்கியைப் பார்க்காமலிருப்பதும் பயிற்சி. பார்த்தவர்கள் ஓட்டுநருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ராமாமணியிடம் போய்ச் சொன்னார்கள். விசையை இழுப்பது மட்டும் முதல் நாளே வந்துவிட்டது. வெடுக்கென்று இழுக்கக் கூடாது, எப்போது வெடித்தது என்று தனக்கே தெரியாதபடி கொஞ்சங்கொஞ்சமாக அழுத்த வேண்டும் என்று பிரத்யுஷா விளக்க ஆரம்பித்ததும், "மேட்டுல க்ளச்ச உடற மாதிரிங்களா?" என்றார். அவள் அடுத்த பாடத்துக்குப் போனாள்.

காற்றுத் துப்பாக்கியில் பத்துக்கு நான்கு, ஆறு, எட்டு என்று மூன்று ஞாயிறுகளில் ஏறினார். ஜனவரி 26 அன்று ரிவால்வரில் முதல் முறையாகத் தோட்டா போட்டுக் கொடுத்தார்கள். பத்துக் கஜம், ஆறு தோட்டா. கருப்பு வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. ஆறும் கீழே, தாளின் அடி விளிம்பை ஒட்டிக் கிடந்தன. பிப்ரவரி 2 அன்று ஒன்று உள்ளே. அன்று காதில் பஞ்சு வைத்தார். பிப்ரவரி 9 அன்று பஞ்சுக்கு மேல் துண்டும் கட்டினார். பார்ப்பதற்குப் பல்வலிக்காரர்போல் இருந்தது. அப்போதும் எல்லாம் கீழே.

கழகத்தில் தாள் ஒட்டுவது, துளைகளை எண்ணுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அப்துல் கையூமின் பொறுப்பு. ஐம்பது வயதுக்காரர், வாய் சும்மா இருக்காது. "டிரைவரே, எறும்புக்கு என்ன பகை உங்களோட? எல்லாத் தோட்டாவும் மண்ணுக்கே போகுதே" என்பார். மருதாசலம் சிரிப்பார். சிரித்த பிறகு கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வார்.

சத்தத்துக்குப் பயப்படுகிறவரின் பிழையைச் சத்தம் இல்லாமல்தான் கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. உருளையில் சில துளைகளில் தோட்டாவும் சிலவற்றில் வெடித்து முடிந்த வெற்றுக் கூடும் போட்டு, எது எங்கே என்று சொல்லாமல் கொடுப்பார்கள். வெற்றுக் கூட்டின்மேல் துப்பாக்கியின் சுத்தியல் விழும்போது வெடிப்பதில்லை. ஆனால் வெடிக்கப்போகிறது என்று எதிர்பார்த்து உடம்பு செய்கிற காரியம் அப்படியே வெளியே தெரிந்துவிடும். பிப்ரவரி 9 அன்று பிரத்யுஷா அப்படிக் கொடுத்தாள். முதலிரண்டும் வெடித்தன. மூன்றாவது, 'டக்' என்ற ஓசையோடு நின்றது. வெடிக்காத துப்பாக்கியின் நுனி சட்டென்று கீழே சரிந்தது.

அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் குந்தி உட்கார்ந்து பசை கலக்கிக்கொண்டிருந்த கையூம்தான் கத்தினார்:

"கையப் பாக்காதீங்க அம்மணி! காலப் பாருங்க! மனுசன் பிரேக் அடிக்கறாரு!"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மருதாசலத்தின் வலது செருப்பின் நுனி இருந்த இடத்தில் மண் ஒரு சிரட்டை அளவுக்குக் குழிந்திருந்தது. இடது காலின் கீழ் கோடுகூட விழவில்லை. ஆபத்து என்று மனதுக்குப் பட்ட கணத்தில் வலது கால் தானாக மிதிக்கிறது, இடுப்பு இறங்குகிறது, தோள் இறங்குகிறது, குழல் நுனி அரை அங்குலம் இறங்குகிறது. பத்துக் கஜத்தில் அந்த அரை அங்குலம் ஒரு முழத்துக்குக் கிட்டவாகிவிடும்.

"இத்தனை வருசம் என்னையும் ஐயாவையும் காப்பாத்துன காலுங்க பாப்பா" என்றார் மருதாசலம், யாரோ தெரிந்தவரைப் பற்றிக் குறை கேட்டவர்போல. "இத என்னன்னு திட்டறது?"

திட்டாமலே பல வைத்தியம் நடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுட்டார். கால் நுனியின் அடியில் காகிதக் கோப்பை வைத்து, அது நசுங்கக் கூடாது என்று சொல்லிச் சுட வைத்தாள் பிரத்யுஷா. நான்கு கோப்பைகள் போயின. பாரத்தை முழுக்க இடது காலில் போட்டுப் பார்த்தார். பிப்ரவரி 16: பதினெட்டுக்கு மூன்று. பிப்ரவரி 23: பதினெட்டுக்கு ஏழு. மார்ச் 2 வருவதற்கு இன்னும் ஒரு வாரம்.

அந்த வாரம் அவர் மலையில் வண்டி ஓட்டிய விதம் லட்சுமணசாமிக்கே வியப்பாக இருந்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே இறக்கப் பார்த்தார். காலுக்குப் பழக்கம் மறக்கட்டும் என்று நினைத்தாராம். பதினோராம் வளைவில் எதிரே பஸ் வந்தபோது கால் அவரைக் கேட்காமலே மிதித்தது. அதில் அவருக்கு வந்த ஆறுதலும் வருத்தமும் சம அளவு என்று பிறகு மனைவி பழனியாத்தாளிடம் சொன்னார்.

பழனியாத்தாள் காப்பியை வைத்துவிட்டு நின்றாள். "ஏனுங்க, படுத்தாக்கூடக் கட்டலை மிதிக்கறீங்க. நேத்து மதியம் கண்ணசந்தப்ப கட்டல் காலே நவுந்துபோச்சு. என்னால ஆகலைங்கய்யான்னு சொல்லிப்போடுங்களே."

"சொல்லிப்போட்டா ஊடு போயிருமே அம்மணி."

"அந்த மிலிட்டரிக்காரருக்கு மலை ரோடு தெரியுமாங்க?"

கண்ணாடி உயரத்துக்குக் கண் போய் வந்தது. "ரெண்டு தடவ போனா எல்லாருக்கும் தெரியும்" என்றார். காப்பி ஆறிப்போயிருந்தது. அவர் குடித்து முடித்தார்.

மார்ச் 2 அன்று காலை ஒன்பதே முக்காலுக்குப் பொங்கியண்ணன் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, காக்கிப் பை, சட்டைப் பையில் ஓட்டுநர் உரிமத்தின் விளிம்பு. அவரைக் கண்டதும் மருதாசலம் முதலில் போய், "சாப்டீங்களாங்க?" என்றார்.

"ஆச்சுங்கண்ணா. நீங்க?"

"எறங்கலைங்க."

இருவரும் இலக்கைப் பார்த்தார்கள். லட்சுமணசாமி அன்று செய்தித்தாளைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எண்ணுவது மகள் அல்ல, கையூம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார்.

முதல் ஆறு தோட்டா. ஐந்து உள்ளே. கையூம் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பிரத்யுஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சந்தோஷப்பட்டால் கெட்டுவிடும் என்ற பயம்.

இரண்டாம் ஆறில் இரண்டு உள்ளே போய்விட்டன. மூன்றாவதற்கு அவர் மூச்சை நிறுத்தியிருந்த நேரம், வேலிக்கு அப்பால் டவுன் பஸ் திரும்புகிற இடத்தில், ஏதோ குறுக்கே ஓடியிருக்க வேண்டும், டயர் கிறீச்சென்று தேய்ந்தது. மருதாசலத்தின் வலது கால் அந்த பஸ்ஸையும் சேர்த்து நிறுத்தியது. தோட்டா இலக்குக்கு முன்னாலேயே மண்ணைக் கிளப்பியது. நான்காவது கீழே. ஐந்தாவது கீழே. ஆறாவது எங்கே போனது என்று கையூமால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மொத்தம் ஏழு. மீதி ஆறில் ஐந்து வேண்டும்.

"கொஞ்சம் தண்ணி குடிங்கண்ணா" என்றாள் பிரத்யுஷா.

மருதாசலம் தண்ணீர் குடிக்கவில்லை. ரிவால்வரைத் திறந்து, காலியாக இருப்பதைத் தொட்டுப் பார்த்து, மேசைமேல் வைத்தார். நேராகக் காருக்குப் போய் டிக்கியைத் திறந்தார். போகிறார், அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு மரக்கட்டை இருந்தது. மலைச்சரிவில் வண்டியை நிறுத்தினால் பின்னோக்கி உருளாமலிருக்கச் சக்கரத்தின் அடியில் கொடுக்கிற கட்டை. எண்ணெய் குடித்துக் கறுத்தது. அதைத் தன் வலது காலின் கீழ் வைத்து, நுனியால் முழுப் பலத்தையும் கொடுத்து அழுத்தி மிதித்தார். கட்டை மண்ணுக்குள் இறங்கி, இனி இறங்க இடமில்லாமல் நின்றது.

"என்னங்க டிரைவரே இது?"

"மொதல்லயே மிதிச்சுப்போட்டா அப்பறம் மிதிக்கறதுக்கு ஒண்ணுமில்லைங்களே."

கையூம் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ரூல்ல இப்படி இல்லை."

"கட்டை வெக்கக் கூடாதுன்னும் ரூல்ல இல்லைங்க பாய்" என்றாள் பிரத்யுஷா.

"சரி அம்மணி, இங்க வெச்சாச்சு. நாளைக்கு ரோட்டுல திருடன் வந்தா? 'கொஞ்சம் இருப்பா, டிக்கியில கட்டை இருக்குது, எடுத்துட்டு வாரேன்'னு சொல்லுவாரா?"

லட்சுமணசாமியும் அதே கேள்வியோடுதான் பார்த்தார். மருதாசலத்தின் கண் இந்த முறை மேலே போகவில்லை.

"ரோட்டுல நான் வண்டிக்குள்ள இருப்பேனுங்க பாய். அங்க நெசப் பிரேக்கே இருக்குது."

பொங்கியண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். லட்சுமணசாமி நடுங்கும் கையை முழங்கால்மேல் வைத்து, இன்னொரு கையால் அதை மூடினார். "சுடட்டும்" என்றார்.

வலது காலில் உடம்பின் பாரம் முழுவதும். இடது கால் ஒரு துணைக்கு. வலது கையின்மேல் இடது கை, அணைத்தாற்போல. குறி பார்க்கும் பின்பக்கப் பள்ளத்துக்குள் முன்னாலிருக்கும் முள், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். அதற்கு அப்பால் கருப்பு வட்டம் மூடுபனிக்குள் தெரிகிற பாறைபோல மங்கலாக. பாதி மூச்சை விட்டு நிறுத்தி, மேட்டில் க்ளச்சை விடுகிற மாதிரி.

ஒன்று உள்ளே. இரண்டு உள்ளே. மூன்றாவது வலப்பக்கம் ஒதுங்கி வெள்ளைத் தாளில் விழுந்தது. அது காலின் குற்றமல்ல, விரல் வியர்த்திருந்தது. இனி ஒன்றுகூடத் தவற இடமில்லை. துப்பாக்கியைக் குழல் இலக்கை நோக்க மேசையில் வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். ஒரு நிமிடம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நான்காவது உள்ளே. வேலிக்கு அப்பால் அடுத்த பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஹாரன் அடித்தது. கட்டை அசையவில்லை. ஐந்தாவது உள்ளே.

ஆறாவது வெடித்த பிறகு அவர் கையை இறக்கவில்லை. வெடித்த பின்னும் ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்க வேண்டும் என்பது பிரத்யுஷா சொன்ன பாடம். அவர் மூன்று நான்கு மூச்சு நேரம் நின்றார். கையூம் தாள்வரை நடந்துபோய், துளைகளை மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை எண்ணினார். ஒன்று வட்டத்தின் விளிம்பில் இருந்தது. துளை அளக்கும் பித்தளைக் குச்சியை அதில் நுழைத்து, கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கோட்டைத் தொட்டால் உள்ளே என்பது கழகத்தின் விதி.

"தொட்டிருச்சு" என்றார் அங்கிருந்தே. "இதுல அஞ்சு. மொத்தம் பன்னெண்டு."

பிரத்யுஷா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். மருதாசலம் உருளையைத் திறந்து வெற்றுக் கூடுகளை மேசையில் கொட்டி, ஒவ்வொரு துளையையும் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்து, பிறகு முதலாளியைப் பார்த்தார்.

லட்சுமணசாமி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "செவ்வாக்கிழமை வால்பாறை. காலையில அஞ்சரை" என்றார். கார் முன் இருக்கையில் போய் உட்கார்ந்து செய்தித்தாளை எடுத்தார். அன்றுதான் பக்கம் திரும்பியது.

பொங்கியண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "பட்டாளத்துல எங்களுக்கு யாரும் கட்டை குடுக்கலைங்கண்ணா" என்றார். சிரிக்க முயன்று பாதியில் விட்டார். "நல்லா நின்னீங்க. நெசமாத்தான் சொல்றேன்."

"அடுத்த பஸ்ஸுக்கு முக்கா மணி நேரம் ஆகுங்களே."

"பரவால்லீங்க, நடந்துக்கறேன்."

மருதாசலம் காருக்குள் எட்டிப் பார்த்தார். லட்சுமணசாமி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையசைத்தார். பிரத்யுஷா பின் இருக்கையில் ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். மருதாசலம் சுற்றிக்கொண்டு போய்ப் பின் கதவைத் திறந்து, உயரமான அந்த மனிதருக்குத் தலை இடித்துவிடாமல் கதவின் மேல் விளிம்பில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பொங்கியண்ணன் குனிந்து ஏறி, பையை மடியில் வைத்துக்கொள்ளும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, பயணப் பதிவேட்டை எடுத்துத் தொடையில் வைத்து எழுதினார்:

1997 மார்ச் 2, காலை 10.50. புறப்பாடு, 61,428 கிலோமீட்டர்.